இது ட்ரேடுக்கு இல்ல

என் மகள் போகிமான் கார்டுகள் சேர்க்கிறாள். அவற்றை அடுக்கி வைக்கும் ஆல்பமான அவளுடைய பெரிய பைண்டரைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஒன்பது கார்டுகள் இருக்கும். மேல் வரிசையில் பல்பசார், ஐவிசார், வீனசார். நடுவில் சார்மாண்டர், சார்மீலியன், சாரிசார்ட். கீழே ஸ்குவர்ட்டில், வார்டார்ட்டில், பிளாஸ்டாய்ஸ். இடமிருந்து வலமாகப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குட்டி வளர்ந்து ஆளாகிறது. 2023 செப்டம்பரில் வந்த போகிமான் 151 தொகுப்பை எண் வரிசைப்படி மூன்றுக்கு மூன்று பக்கத்தில் அடுக்கினால் இது தானாகவே அமைந்துவிடும். இரண்டாம் பக்கமும் அப்படித்தான். காட்டர்பி குடும்பம் ஒரு வரிசை, வீடில் குடும்பம் ஒரு வரிசை, பிட்ஜி குடும்பம் ஒரு வரிசை. மூன்றாம் பக்கத்தில் ரட்டாட்டாவுக்கு இரண்டே நிலைகள் என்பதால் ஒழுங்கு கலைகிறது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மகள் உதட்டைப் பிதுக்குவாள்.

அந்தத் தொகுப்பின் கார்டுகளில் 165 வரைதான் முறையான எண். அதற்கு மேல் 42 அபூர்வக் கார்டுகள் தனி. மொத்தம் 207. ஒன்பதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 23 பக்கங்கள். பதினொரு வயதுப் பெண் இந்தக் கணக்கைத் தானாகப் போட்டு, “அப்பா, கடைசிப் பக்கத்துல ஒரு பாக்கெட்கூட காலியா இருக்காது” என்று சொன்ன அன்றுதான், பைண்டர் என்பது சும்மா ஒரு பைல் அல்ல என்று எனக்கு உறைத்தது. அதற்குள் மூன்று தப்புகள் செய்து முடித்திருந்தேன்.

கார்டுகள் வந்தது சிங்கப்பூரிலிருந்து. மச்சான் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அக்கா மகளுக்கென்று பத்துப் பன்னிரண்டு கார்டு பேக் வாங்கி வருவார். முதல் ஒரு வருஷம் அவை பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. டப்பா நிறைந்ததும் “ஏதாவது ஆல்பம் வாங்கிக் குடுங்க மாமா” என்று அவரே சொன்னார். ஆபீஸில் சும்மா கிடந்த ரிங் பைல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பக்கத்துக்கு ஒன்பது பாக்கெட் உள்ள பிளாஸ்டிக் தாள்களை ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினேன். தாளில் அமெரிக்க முறைப்படி மூன்று துளைகள், நம்மூர் பைலில் இரண்டு வளையங்கள். பஞ்சிங் மெஷினால் புதுத் துளை போட்டு மாட்டினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் வந்தது வளையத்தின் வினை. பைலை மூடும்போது தாள்கள் வளையத்தின் வளைவில் ஏறி நிற்கும். மேல் அட்டை அழுத்த அழுத்த, முதுகுப் பக்கம் இருக்கும் கார்டு வளையத்தின் மீது நசுங்கும். மூன்று மாதம் கழித்து ஒரு கார்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் பிறை நிலா போல ஒரு பள்ளம். விரலால் தடவினால் தெரியாது, சாய்த்தால் மட்டும் பளிச்சென்று தெரியும். தாளைப் புரட்டிப் பார்த்தேன். முதுகை ஒட்டிய வரிசை முழுவதும் ஆங்காங்கே அதே பிறை. அந்தப் பள்ளம் விழுந்தபின் அதை எடுக்க வழியே கிடையாது. கார்டு என்பது பல அடுக்குக் காகிதத்தை ஒட்டிச் செய்தது. நடு அடுக்கு ஒருமுறை நசுங்கினால் திரும்பி எழாது.

வளையம்தான் வேண்டும் என்பவர்கள் வட்ட வளையத்தைத் தவிர்த்து, ஒரு பக்கம் நேராக நிமிர்ந்திருக்கும் டி வடிவ வளையமாகப் பார்த்து வாங்கலாம். தாள்கள் அந்த நேர்ப்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சீராக உட்காரும். இடையில் புதுத் தாள் சேர்க்கலாம், வரிசையை மாற்றலாம். தொகுப்பு வளர்ந்துகொண்டே போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குழந்தை கையாளும் பைண்டருக்கு வளையமே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. தாள்களை முதுகோடு சேர்த்தே தைத்தோ ஒட்டியோ வரும் பைண்டர்கள் இருக்கின்றன. பக்கம் கூட்ட முடியாது, குறைக்க முடியாது. கார்டின் மேல் இரும்பும் படாது.

இரண்டாவது வினை கண்ணுக்குத் தெரியாதது, மூக்குக்குத் தெரிந்தது. அந்த மலிவுத் தாள்களைப் பிரித்தபோது புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. புதுசென்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம் ஒருநாள் பளபளக்கும் ஹோலோ கார்டு ஒன்றை உருவப் போனாள், வரவில்லை. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்ததும் எண்ணெய் படிந்தது போல ஒரு பிசுபிசுப்போடு வந்தது.

இதை நாம் எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவை எடுக்கப் பார்த்தால், பிளாஸ்டிக் உறையோடு ஒட்டி, தாத்தாவின் முகத்தில் பாதி உறையிலேயே தங்கிவிடும் அல்லவா? அதே சங்கதிதான். பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பிலேயே விறைப்பானது. அதை வளைகிற மாதிரி ஆக்க இளக்கும் பொருள்கள் சேர்க்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகிப் பிணைவதில்லை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஏறும். வெப்பம் கூடக்கூட இது விரைவாகும். சென்னை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

என் அக்கா பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தாளில் ஒரு ஓரம் வெட்டிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் செம்புக் கம்பி ஒன்றைச் சுடரில் பழுக்கக் காட்டினாள். சுடரில் நிறம் எதுவும் இல்லாமல் தெளிந்ததும் கம்பியை அந்தத் துண்டில் தொட்டு, உருகி ஒட்டிய துளியோடு மறுபடி சுடருக்குள் நீட்டினாள். சுடர் பச்சையாக எரிந்தது. கிளிப்பச்சை. “குளோரின் இருக்குடா. பி.வி.சி.தான்” என்றாள். பைல்ஸ்டைன் சோதனை என்று அதற்குப் பெயர். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல. நல்ல காற்றோட்டமுள்ள ஆய்வுக்கூடத்தில்கூட அவள் என்னை மூன்றடி தள்ளித்தான் நிற்க வைத்தாள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். பாக்கெட் தாள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்ததா? பி.வி.சி. இல்லை, அமிலம் இல்லை என்று அட்டையில் எழுதியிருக்கிறதா? பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணக் குறி இருந்தால் உள்ளே 5 என்று இருக்க வேண்டும், 3 என்றால் பி.வி.சி. எதுவுமே எழுதாத தாள், எவ்வளவு மலிவாக இருந்தாலும், எனக்கு வேண்டாம். மூக்கையும் நம்பலாம். பாலிப்ரொப்பிலீனில் அந்த மழைக்கோட்டு வாசனை வராது.

மழைக்காலம் இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. பளபளக்கும் ஃபாயில் கார்டுகள் தோணி போல வளைந்தன. முன்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபாயில் ஈரத்தை உறிஞ்சாது. பின்னால் இருக்கும் காகிதம் உறிஞ்சி உப்பும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் அட்டை வளையாமல் என்ன செய்யும்? அதிலும் ஏசி அறையில் வைத்து, இரவு குளிர்ந்து பகலில் ஈரக்காற்று பட்டு என்று மாறி மாறி அடித்தால் இன்னும் மோசம். அந்தக் கார்டுகள் கெட்டுப் போய்விட்டன என்று மகள் அழுதாள். கெடவில்லை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பத்து நாள் வைத்ததும் ஏறத்தாழ நேராகின. இப்போது பைண்டருக்குப் பக்கத்தில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறோம். ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கினால் திரும்ப ஆரஞ்சாகும். அதைக் கவனிப்பது அவள் பொறுப்பு.

பைண்டரை எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரணில் வைக்காதீர்கள், மொட்டை மாடிச் சூடு நேராக இறங்கும். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். துணி பீரோவில் வைத்தால் பாச்சை உருண்டையைத் தள்ளி வையுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். அதற்காக உருண்டையே இல்லாமல் திறந்த தட்டில் வைத்தால் ராமபாணப் பூச்சி வந்து சேரும். ஜிப் வைத்த பைண்டர் எனக்குப் பிடித்தது இதனால்தான். தூசியும் பூச்சியும் உள்ளே போகாது. ஆனால் ஜிப்புக்குள் இடம் இருக்கிறதே என்று திணித்தால், மூடும்போது ஜிப்பின் பல் கடைசி வரிசையை அழுத்தும். புத்தகம் போல நிமிர்த்தி வைக்கலாம், படுக்கப் போட்டு அதன் மேல் நான்கு பாடப் புத்தகங்களை ஏற்றக் கூடாது.

எத்தனை பாக்கெட் என்ற கேள்விக்கு வருகிறேன். நான்கு, ஒன்பது, பன்னிரண்டு என்று மூன்று அளவுகள் பரவலாகக் கிடைக்கும். இருபது தாள், இரு பக்கமும் கார்டு என்று வைத்துக்கொண்டால் நான்கு பாக்கெட்டில் 160, ஒன்பதில் 360, பன்னிரண்டில் 480 கார்டுகள் கொள்ளும். பன்னிரண்டு பாக்கெட் பக்கத்தில் ஒரு வரிசைக்கு நான்கு கார்டு. போகிமானிலும், மேஜிக் என்ற இன்னொரு கார்டு விளையாட்டிலும் ஆடும் சீட்டுக்கட்டில் ஒரே கார்டை நான்கு பிரதி வரை வைக்கலாம் என்பது விதி, அடிப்படை எனர்ஜி கார்டு போன்றவை மட்டும் விலக்கு. ஆகவே விளையாடுகிறவர்களுக்கு வரிசைக்கு நான்கு என்பது கச்சிதமான கணக்கு. என் மகள் விளையாடுவதைவிடச் சேர்ப்பவள். அவளுக்கு மூன்றுக்கு மூன்றுதான். முதல் பக்கத்தின் அந்த மூன்று குடும்பங்களைப் பன்னிரண்டு பாக்கெட்டில் போட்டுப் பாருங்கள், சார்மாண்டர் வீனசாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பாக்கெட்டின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இதைவிட முக்கியம். என் மலிவுத் தாள்களில் வாய் மேலே. ஒருநாள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் கூடியிருந்தபோது யாரோ பைலைத் தலைகீழாகத் தூக்கினார்கள். நாற்பது கார்டாவது தரையில் விழுந்திருக்கும். அப்போதுதான் கழுவிவிட்டிருந்த தரை. பக்கவாட்டில் வாய் இருக்கும் பாக்கெட்டில் முதுகை நோக்கி வாய் திறந்திருக்கும். தலைகீழாகப் பிடித்தாலும் கார்டு வெளியே வராது. பின்னால் கறுப்புத் தாள் வைத்து, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனிப் பாக்கெட் கொடுத்திருப்பார்கள். அந்தக் கறுப்பில் கார்டின் நிறங்கள் எடுப்பாகத் தெரியும்.

கார்டின் அளவு 63 மி.மீ.க்கு 88 மி.மீ. அதற்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ் சுமார் 66க்கு 91. சில பைண்டர்களின் பாக்கெட் வெறும் கார்டுக்கு மட்டுமே அளவாக இருக்கும். ஸ்லீவோடு நுழைத்தால் முனை மடங்கும். வாங்குமுன் கையோடு ஒரு ஸ்லீவ் போட்ட கார்டைக் கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்பலாம். இரட்டை ஸ்லீவ் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டால் அதற்கென்றே அகலப் பாக்கெட் வைத்த பைண்டர் தனியாக இருக்கிறது, சாதாரணப் பைண்டரில் அது நுழையவே நுழையாது.

இத்தனையும் தெரிந்து ஒரு நல்ல ஒன்பது பாக்கெட் ஜிப் பைண்டரை 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். 151 தொகுப்பு அதில் வரிசையாக ஏறியது. அடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இன்னும் கிடைக்காத எண்களுக்குப் பாக்கெட்டைக் காலியாக விட்டு உள்ளே சின்னத் துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிப் போட்டாள். இரட்டையாக வந்தவற்றைக் கடைசிப் பக்கங்களில் வைத்தாள். இத்தோடு நிம்மதி என்று இருந்தேன். என் மூன்றாவது தப்பு அந்த நிம்மதிக்குள்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அதே பைண்டரோடு, பிள்ளைகள் கார்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். பக்கத்து பிளாக் பையன், ஒன்பதாவது படிக்கிறவன், பக்கம் பக்கமாகப் புரட்டி 19ஆம் பக்கத்தில் நிறுத்தினான். நடு வரிசை, வலது ஓரம். 168ஆம் எண் சார்மாண்டர். “இத குடு, நான் இது ரெண்டு தரேன்” என்று பளபளப்பாக இரண்டை நீட்டினான். சுற்றிலும் ஐந்தாறு பேர். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டாள்.

மேலே வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “எனக்குக் குடுக்க இஷ்டமே இல்லப்பா. ஆனா பைண்டர்ல இருந்துச்சுல்ல. ட்ரேடுக்கு இல்லைன்னா எதுக்கு எடுத்துட்டு வந்தன்னு கேட்டான்.” அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. கைமாற்றும் இடத்துக்குக் கொண்டுபோன பைண்டர் என்றால் அதில் இருப்பதெல்லாம் பேரத்துக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். சேர்த்து வைக்கும் பைண்டரையும் கைமாற்றும் பைண்டரையும் ஒன்றாக்கி அவள் கையில் கொடுத்தது நான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒருமுறை “இல்லை” என்று சொல்ல வேண்டிய பாரத்தை அவள் தலையில் ஏற்றியிருக்கிறேன். என் அப்பா தபால்தலை சேர்த்தவர். மாற்றுவதற்கான தபால்தலைகளைத் தனியாக ஒரு சின்ன ஸ்டாக் புக்கில் போட்டுக்கொண்டுதான் நண்பர்களைப் பார்க்கப் போவார். பெரிய ஆல்பம் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. கண் முன்னால் பார்த்து வளர்ந்த வழக்கம், எனக்கு வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ட்ரேட் பைண்டரின் இலக்கணம் வேறு. அது சின்னதாக இருக்க வேண்டும். நான்கு பாக்கெட் போதும். நின்றுகொண்டே ஒரு கையில் ஏந்தி மறுகையால் புரட்ட முடிய வேண்டும், பள்ளிப் பையின் முன் அறைக்குள் அடங்க வேண்டும். பலர் கை படுவதால் ஸ்லீவ் கட்டாயம். கார்டை அடிக்கடி வெளியே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பாக்கெட் மிக இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. எதிராளி கார்டை எடுத்து விளிம்பைப் பார்ப்பார், பின்புறத்து நீல ஓரத்தில் வெள்ளை தெரிகிறதா என்று பார்ப்பார், சாய்த்துக் கீறலைத் தேடுவார். அது அவர் உரிமை. கடைகளில் தங்க நிறப் பிளாஸ்டிக்கில் கத்தையாக விற்கும் போலிகள் பிள்ளைகள் கையில் நிறையப் புழங்குகின்றன. ஆகவே இரு தரப்பும் கார்டைக் கையில் வாங்கிப் பார்ப்பதுதான் நல்லது. கேட்காமல் மற்றவர் பைண்டரிலிருந்து உருவக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு ஜிப்பைவிட எலாஸ்டிக் பட்டை வசதி. சட்டென்று திறக்கலாம். ஒரே விலைமதிப்புள்ளவற்றை ஒரே பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அப்போது “இந்தப் பக்கத்துல ஏதாவது ஒண்ணு எடுத்துக்கோ” என்று பேச்சு எளிதாகும், சின்னப் பிள்ளைகள் ஏமாறவும் மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் சாதாரணக் கார்டுகள். புதிதாகச் சேர்க்க ஆரம்பித்த குட்டிகளுக்கு அவற்றை அவள் சும்மாவே கொடுக்கிறாள். அது அவளாகச் செய்த ஏற்பாடு.

இன்னொன்றையும் அவளே செய்தாள். சின்னப் பைண்டரில் முதல் பக்கத்தின் முதல் பாக்கெட்டில் கார்டு இல்லை. கார்டு அளவுக்கு வெட்டிய வெள்ளைத் தாளில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ‘தேடுவது’ என்று எழுதி, கீழே எண்களின் பட்டியல். முதலில் இருப்பது 168.

பெரிய பைண்டர் இப்போது என் புத்தக அலமாரியில் நிமிர்ந்து நிற்கிறது. யாராவது பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வர வேண்டும், கை துடைத்துவிட்டு உட்கார வேண்டும். போன ஞாயிறு கீழே இறங்கியபோது அவள் கையில் அந்தச் சின்னது மட்டும் இருந்தது. புதிதாகக் குடிவந்த வீட்டுப் பெண் ஒருத்தி, இவளைவிட ஒரு வயது சிறியவள், முதல் பக்கத்தைத் திறந்து அந்தச் சீட்டைப் படித்தாள்.

“அக்கா, 168 எங்கிட்ட ரெண்டு இருக்கு. மேல வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரட்டா?”

“இரு. முதல்ல இதுல உனக்கு எது வேணும்னு பாரு” என்று சொல்லி, மகள் பைண்டரை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.